கருவாடு போட்ட இன்ஜின்

பட்டறை வாசலில் கிடக்கும் அந்தத் துருப்பிடித்த பிளைவீலை, அந்தக் கனத்த இன்ஜின் சக்கரத்தை, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். அன்று காலையில் அதில் கால் இடித்துக்கொண்டு நொண்டியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதித் தருகிறேன்.

எதை எப்படிக் கழற்றுவது, எந்தக் கேஸ்கெட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் டிப்ளமா படித்தவர்கள், நான் பார்த்துப் பார்த்துக் கற்றவன். தண்ணீரில் விழுந்த படகு இன்ஜின் ஒன்று உங்கள் முன்னால் கிடக்கும்போது, சுற்றி இருபது பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, கையை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதை மட்டும்தான் நான் சொல்லப்போகிறேன். அதைக்கூட நான் ஒரு கருவாட்டுக்காரம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

என் சொந்த ஊர் திருவையாற்றுப் பக்கம். இருபது வருஷம் அங்கே பம்புசெட் மெக்கானிக்காக இருந்தேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் அந்த ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் பூட்டுவேன். ஆற்றில் வெள்ளம் வரும் வருஷங்களில் படித்துறை ஓரம் இருக்கும் பம்புசெட்டெல்லாம் முழுகிவிடும். வெள்ளம் வடிந்ததும் என்னைத் தேடி ஆள் வரும். நான் போய்த் தண்ணீரை வடித்து, திறக்க வேண்டியதைத் திறந்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போடுவேன். மூன்றாம் நாள் எண்ணெய் மாற்றி ஹேண்டில் போட்டுச் சுற்றினால் இன்ஜின் ஓடும். ஒருதடவைகூட தப்பியதில்லை. நெல் விளையும் ஊரில் பிறந்தவனுக்கு நனைந்த எதைப் பார்த்தாலும் ஒரே யோசனைதான் வரும், களத்தில் பரப்பிக் காய வை. ஈர நெல், ஈர வைக்கோல், ஈர இன்ஜின், எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே மருந்து.

பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு கரண்ட் மோட்டார் வந்தது. டீசல் இன்ஜின்கள் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கின. என் மனைவிக்கு முத்துப்பேட்டைப் பக்கம். அங்கே ஃபைபர் படகுகளில் இதே இன்ஜினைத்தான் பூட்டி ஓட்டுகிறார்கள் என்று அவள் அண்ணன் சொன்னார். அதே இன்ஜின், அதே நட்டு, அதே ஸ்பேனர். அப்புறம் என்ன என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. தொழில் தெரியும் என்ற தெனாவட்டு தலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது.

வந்த முதல் வருஷமே வைரக்கண்ணுவின் இன்ஜின் என் கைக்கு வந்தது. வைரக்கண்ணு என்னைவிட நாலைந்து வயது இளையவர். சொந்தப் படகு வைத்திருந்தார். அவர் மனைவி அஞ்சம்மாள், கரைக்கு வரும் மீனில் விலை போகாததை வாங்கி, உப்புப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மணல் திட்டில் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒருநாள் படகு கவிழ்ந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகையும் இன்ஜினையும் அரை நாள் கழித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இதற்கா இவ்வளவு கவலை?

"கவலப்படாதீங்க வைரக்கண்ணு. எங்க ஊர்ல வருஷா வருஷம் இதான் பொழப்பு. ரெண்டு நாள் வெயில்ல கெடக்கட்டும். மூணாம் நாள் ஓட்டிக் காட்டுறேன்."

தண்ணீரை வடித்தேன். மூடியைத் திறந்தேன். நல்ல வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்து, அஞ்சம்மாள் மீன் காயவைத்திருந்த அதே மணல் திட்டில், மீனுக்குப் பக்கத்திலேயே ஒரு தார்ப்பாயை விரித்து இன்ஜினை வைத்தேன். மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த அஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்ணே, நல்ல தண்ணி ஊத்திக் கழுவ வேணாமா?"

உப்பில்லாத தண்ணீருக்குக் கடற்கரையில் நல்ல தண்ணி என்று பெயர். எனக்கு அந்த வார்த்தையே அப்போது புதிது. எங்கள் ஊரில் எல்லாத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். தனியாகப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை.

"தண்ணி உள்ள போயித்தாம்மா இந்தக் கதி. இன்னும் தண்ணியா?" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் புது எண்ணெய் டப்பாவோடு போனேன். பிளைவீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வைரக்கண்ணுவும் சேர்ந்து இழுத்தார். சுவரோடு மல்லுக்கட்டுவதுபோல இருந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பேரிங், வால்வு, எல்லாவற்றிலும் சிவப்பாகத் துரு. இரண்டே நாள் வெயில். இரண்டு வருஷம் கடலுக்கு அடியில் கிடந்த சாமான்போல ஆகிவிட்டது.

அஞ்சம்மாள் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த மீனைப் பார்த்தார்.

"நெல்லக் காயவச்சா நெல்லு. உப்புல நனஞ்சதக் காயவச்சா கருவாடு. நீங்க இஞ்சினக் கருவாடு போட்டுட்டீங்கண்ணே."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வைரக்கண்ணு மணலில் உட்கார்ந்துவிட்டார். அஞ்சம்மாள் கோபத்தை அடக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் இன்னொன்றும் சொன்னார்.

"கருவாட்டக் கொழம்பு வைக்கிறதுக்கு முன்னாடி நல்ல தண்ணியில ஊறப்போடுவோம். உப்ப எடுக்குறது தண்ணிதான். வெயிலு தண்ணிய மட்டும்தான் எடுக்கும். உப்ப அப்படியே வச்சிட்டுப் போயிடும்."

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்ஜின் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் புத்தகத்திலும் படித்ததில்லை. வெட்கத்தில் நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன். அன்றைக்கு அந்தம்மா கேட்டபோது, ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. கருவாட்டுக்காரம்மாவுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். உப்பைப் பற்றி அவருக்குத்தான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வைரக்கண்ணு அதன்பின் இரண்டு வருஷம் வேறொருவர் படகில் ஆளாகப் போனார். சொந்தப் படகில் தானே திசை பார்த்துப் போனவருக்கு, இன்னொருவர் சொல்லும் இடத்தில் வலை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கரையில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கெட்டுப்போன இன்ஜின் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போனது. பிளைவீலை மட்டும் அஞ்சம்மாள் கொடுக்கவில்லை. காயும் மீனைக் காக்கை தூக்காமல் இருக்க மேலே வலை விரிப்பார்கள் இல்லையா, அந்த வலை பறக்காமல் இருக்க ஒரு மூலையில் பாரமாக வைத்துவிட்டார். அந்த வழியாகத்தான் நான் தினமும் படகுத்துறைக்குப் போக வேண்டும். தினமும் அது என்னைப் பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஊருக்கே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். போகவில்லை. அதற்குப் பதிலாகப் பட்டறையில் ஒரு பெரிய டிரம்மை வைத்து நல்ல தண்ணீர் நிரப்பினேன். இப்போது நீங்கள் கை கழுவுகிறீர்களே, அதே இடத்தில்தான். உப்புத் தண்ணீரில் விழுந்து எது வந்தாலும் முதலில் அந்த டிரம்முக்குள் போகும். பிரித்துக் கழுவி டீசல் ஊற்றி எண்ணெய் காட்ட எனக்கு நேரம் கிடைக்கும்வரை அங்கேயே முழுகிக் கிடக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு வேகம் எடுக்காது. காற்றுப் பட்டால்தான் ஆட்டம். பார்க்கிறவர்கள் இது என்ன பைத்தியம் என்பார்கள். நான் டிரம்மில் இன்னொரு வாளி ஊற்றுவேன்.

வைரக்கண்ணு மறுபடி ஒரு இன்ஜின் போட்டுக் கடலுக்குப் போக ஆரம்பித்தார். சர்வீஸுக்கு என்னிடம் வரவில்லை. பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவார், "சாப்டாச்சாண்ணே?" என்பார், இன்ஜின் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நடுவில் ஒரு விஷயம், மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் விழுந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா? இதற்கு உண்மையான பதில் வரும். இரண்டாவது கேள்வி, ஹேண்டில் போட்டுச் சுற்றினீர்களா? இதற்கு உலகத்தில் ஒரே பதில்தான் உண்டு. "இல்லண்ணே, தொடவே இல்ல." நம்பாதீர்கள். நேரில் போனதும் கையைக் குலுக்குங்கள், உள்ளங்கையில் ஹேண்டில் துரு ஒட்டியிருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது வேகமாகச் சுற்றினால் காற்றைப்போல அது அமுங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பயத்தில் இருப்பவன் எதையாவது செய்யத்தான் துடிப்பான், அவனைத் திட்டாதீர்கள். உண்மையைச் சொன்னால் திட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள். அப்போது தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரே ஒரு தடவண்ணே" என்பார்கள். ஒரு தடவை என்றால் நான்கு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்கள் போனபின் அந்தப் புயல் வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். தென்னை மரமெல்லாம் சாய்ந்து ரோடு அடைத்துக் கிடந்தது. கரண்ட் இல்லை, போன் இல்லை. நம் பட்டறைக் கூரை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. கடல் தண்ணீர் உள்ளே வந்து டிரம், எண்ணெய், டீசல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டிருந்தது. ஒரு கைப்பெட்டி ஸ்பேனர் மட்டும் வீட்டில் இருந்ததால் தப்பியது. அதை எடுத்துக்கொண்டு மரங்களைத் தாண்டித் தாண்டிப் படகுத்துறைக்கு நடந்தேன்.

போகும்போதே சத்தம் கேட்டது. கட்டிவைத்திருந்த படகுகள் முழுகியிருந்தன. விடிந்ததும் ஆட்கள் இன்ஜின்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகில் நான்கு பேர் சேர்ந்து ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். "விடாத, விடாத, சுத்து!" என்று ஒருவர் கத்தினார். நான் ஓடுவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். ராடு போய்விட்டது. அதற்கப்புறம் எல்லோரும் ஹேண்டிலைக் கீழே போட்டார்கள். நல்ல வெயில் வேறு அடித்தது. புயலுக்கு மறுநாள் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஒன்றுமே நடக்காததுபோல. இன்ஜினையெல்லாம் வரிசையாக மணலில் வைத்துக் காயவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வைரக்கண்ணுவின் இன்ஜின் இருந்தது.

நான் நின்றுவிட்டேன். அதே மணல் திட்டு. வீட்டுக் கூரை போய்விட்டிருந்தது, மீன் போய்விட்டிருந்தது, அந்த பிளைவீல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. எந்தப் புயலுக்கும் அது அசையாது போலிருக்கிறது.

"வைரக்கண்ணு, மொதல்ல வெயில்லேருந்து எடுங்க. ஈரச் சாக்கு போட்டு மூடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"ஒரு தடவ உங்கள நம்புனேண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை.

நியாயமான பேச்சு. இந்த இன்ஜினும் போனால் அவர் மறுபடி அடுத்தவர் படகுக்குப் போக வேண்டும், அதுவும் வீடில்லாமல் நிற்கும் நேரத்தில். இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வருகிறது. அந்த நிமிஷத்தில் சும்மா இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரே காயவைத்துக் கெடுத்தால் பழி என்மேல் வராது. நான் கை வைத்து மறுபடி தப்பாகிப்போனால் இந்தக் கரையில் எனக்கு வாழ்வில்லை. என்னை நான் காப்பாற்றிக்கொள்வதா, இன்ஜினைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி உங்களுக்கும் ஒருநாள் வரும். நான் பெரிய யோக்கியன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த பிளைவீல் அங்கே இல்லாமலிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

"எண்ணெய் வர, டீசல் வர ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் இது காத்துல இருக்கக் கூடாது. நல்ல தண்ணியில முக்கணும்" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். "மெக்கானிக்கு, இப்பத்தான் உசுரக் குடுத்து வெளிய எடுத்துருக்கோம்" என்றார் ஒருவர். "நேத்து ராத்திரி பூரா தண்ணியிலதான் கெடந்துச்சு, பத்தலியா?" என்றார் இன்னொருவர்.

அப்போது அஞ்சம்மாள் இரண்டு குடத்தோடு வந்தார். குடிதண்ணீர் லாரி மெயின் ரோடு வரைக்கும்தான் வந்தது. வீட்டுக்கு இரண்டு குடம். ஊர்க் குளமெல்லாம் உப்பாகிவிட்டது. அவர் குடத்தை இறக்கி வைத்தார். நான் அந்தக் குடத்தைப் பார்த்தேன் போலிருக்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"குடிக்கவே இதான் இருக்கு. இஞ்சினுக்கா கேக்குறீங்க?"

"இல்லம்மா. இது பத்தவும் பத்தாது."

"முக்கணும்னு யாரு சொன்னா?"

"நீங்கதாம்மா. அன்னைக்குச் சொன்னீங்களே, உப்ப எடுக்குறது தண்ணிதான், வெயிலு இல்லன்னு. அத வச்சுத்தான் இத்தன வருஷமா பொழைக்கிறேன்."

அஞ்சம்மாள் குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார். கணவரைப் பார்த்தார், இன்ஜினைப் பார்த்தார்.

"அப்ப முக்குங்க" என்றார்.

எங்கே முக்குவது? எனக்குத் தெரிந்த நல்ல தண்ணீர் ஒன்றுதான். ஆறு காயலில் சேர்வதற்கு முன்னால், கடைமடையில், கதவு போட்டுத் தண்ணீரை நிறுத்தும் சட்ரஸ் இருக்கிறதே, அதற்குக் கீழே உப்பு, மேலே ஆற்றுத் தண்ணீர். ரோடுதான் அடைத்துக் கிடந்தது. ஆறு திறந்துதான் இருந்தது. தண்ணீர் இறைத்த ஒரு படகில் இன்ஜினை ஏற்றி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, கழி ஊன்றிப் போனோம். வைரக்கண்ணு வழி முழுக்கச் சாக்கு நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். சட்ரஸ் கரையில் மூங்கில் கழி கட்டி நான்கு பேர் தூக்கி மேல்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். வைரக்கண்ணு முதலில் இறங்கி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான்" என்றார்.

டீசலை உள்ளே பீய்ச்சும் நாசிலையும் டீசல் பம்பையும் கழற்றி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன். எண்ணெய் வடியும் நட்டைத் திறந்துவிட்டேன். பிறகு இன்ஜினை மெதுவாக ஆற்றுக்குள் இறக்கினோம். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிளைவீலைக் கையால் சுற்றினேன். சுற்றச் சுற்ற நாசில் ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் உள்ளே போய் உப்புத் தண்ணீர் வெளியே வந்தது. அது சுலபமாகச் சுற்றியது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கயிற்றைச் சட்ரஸ் கம்பியில் கட்டினோம். இன்ஜின் கண்ணிலிருந்து மறைந்தது. கயிறு மட்டும் தெரிந்தது. வைரக்கண்ணு அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆறு நாளும் அவர் தினமும் கயிற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் கிண்டல் வேறு. "என்ன வைரக்கண்ணு, இஞ்சின் மகாமகத்துல முழுகிக்கிட்டிருக்கா? எப்ப கரையேறும்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் மூன்றாம் நாள், மணலில் இருந்த தங்கள் இன்ஜின் சுற்றாமல் இறுகிக் கிடந்ததைப் பார்த்துக் கிண்டலை நிறுத்தினார்கள். நான்காம் நாள் சட்ரஸ் கம்பியில் இன்னும் மூன்று கயிறு கட்டியிருந்தது. அதில் இரண்டு இன்ஜினுக்குக் காலம் தாழ்ந்துவிட்டது. முதல் நாளே நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். என் பயமெல்லாம் வைரக்கண்ணுவின் இன்ஜின்மேலேயே இருந்துவிட்டது. அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு.

ஏழாம் நாள் கும்பகோணத்திலிருந்து தெரிந்த லாரிக்காரர் ஒருவர் எண்ணெயும் டீசலும் கொண்டுவந்து கொடுத்தார். ஆற்றங்கரையிலேயே தார்ப்பாய் கட்டினேன். எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டுதான் இன்ஜினை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தண்ணீரை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, எண்ணெய் ஊற்றிச் சுற்றி, பால்போல வந்த எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றி, ஊற்றிய எண்ணெய் நிறம் மாறாமல் வரும்வரை விடவில்லை. உள்ளே இரண்டு இடத்தில் லேசாக மஞ்சள் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் போய்விட்டது. அஞ்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எட்டி எட்டிப் பார்த்தார்.

"உப்பு இருக்காண்ணே?"

"நக்கிப் பாக்கவா சொல்றீங்க?" என்றேன்.

நெடுநாளைக்கப்புறம் அந்தம்மா என்னோடு சிரித்தது அன்றைக்குத்தான்.

மத்தியானத்துக்குமேல் பூட்டி முடித்தேன். ஹேண்டிலை வைரக்கண்ணு கையில் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நீங்களே போடுங்கண்ணே."

"ஓடலன்னா நான் போட்டேன்னு இருக்கட்டும், ஓடுனா நீங்க போட்டதா இருக்கட்டும். மொதல்ல நீங்க."

அவர் போட்டார். ஒன்றுமில்லை. மறுபடி போட்டார். புகை மட்டும் வெள்ளையாக வந்தது. மூன்றாவது தடவை ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது. கூட்டத்தில் ஒருவர், "இன்னும் வேகமா" என்றார். "யாரும் பேசக் கூடாது" என்று அஞ்சம்மாள் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். நான் டீசல் குழாயில் அடைத்திருந்த காற்றை இன்னொருமுறை எடுத்துவிட்டு, நாசில் குழாயை இறுக்கினேன். நான்காவது தடவை டுப் என்றது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி டுப், டுப் என்றது. அப்புறம் நிற்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வைரக்கண்ணு அழவில்லை. அவர் இன்ஜின்மேல் கையை வைத்துக்கொண்டு, அதன் நடுக்கம் கையில் ஏற, அப்படியே நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் கடலுக்குப் போனார், தன் படகில்.

ஒரு மாதம் கழித்து எண்ணெய் மாற்ற நான் மொபெட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மறுபடி எடுத்துக் கட்டிய கூரைக்குக் கீழே அஞ்சம்மாள் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டு, பழக்கத்தில் மணல் திட்டுப் பக்கம் பார்க்காமல் நடந்தேன். பிறகு ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். வலை மூலையில் ஒரு கருங்கல் இருந்தது. பிளைவீல் இல்லை. என் மொபெட்டின் முன்னால், கால் வைக்கும் இடத்தில், சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

"இத்தன வருஷம் இங்கதானம்மா இருந்துச்சு?"

"கோவம் இருந்துச்சு, வச்சிருந்தேன். இப்ப இல்ல. அப்புறம் அது எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அந்தம்மா மீனைப் புரட்டப் போய்விட்டார்.

அதுதான் வாசலில் கிடப்பது. அதைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வையுங்கள். எனக்கும் கால் இடிக்கிறது.